படகுக் கொட்டகை கட்டப் போகிறவர்களுக்கு

நான் தனியாகப் பொறுப்பெடுத்துக் கட்டிய முதல் படகுக் கொட்டகை மூன்றாம் வருஷம் வந்த புயலில் போய்விட்டது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஆறு தூண்களும் நேராக நின்றன. அவற்றின் தலையில் ஒன்றுமில்லை. கூரை ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிக் கரைச் சேற்றில் கிடந்தது. கிட்டே போனபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. தகடு ஒன்றுகூடப் பிரியவில்லை. கைமரங்களை உத்திரத்தோடு பிடித்த இரும்புப் பட்டைகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. விட்டுப்போனது ஒரே ஓர் இடம்தான், உத்திரம் தூணின் தலையில் உட்கார்ந்த இடம். அங்கே நான் நீள ஆணிதான் அடித்திருந்தேன். இவ்வளவு கனமான உத்திரம், அதுவே உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பினேன்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக இதே வேலைதான். நிலத்தில் வீடு கட்டிப் பழகிய கைக்கு, கனம் மேலிருந்து கீழே இறங்கும் என்பதே பாடம். தண்ணீர்மேல், பக்கச் சுவர் இல்லாமல் நிற்கும் கூரைக்கு அது பாதிப் பாடம்தான். அந்தக் கூரை மேலே போகப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது கடலடிச் சேறு. கூரைத் தகட்டின் திருகாணியிலிருந்து சேற்றுக்குள் இருக்கும் தூணின் நுனிவரை எந்தக் கண்ணியும் அறாமல் ஒரே சங்கிலியாக வர வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அந்தச் சங்கிலியைப் பற்றியதுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

இடம் பார்க்கப் போகும்போது டேப்புக்கு முன்னால் நான் எடுத்து வைப்பது ஓத அட்டவணை, கடல் எந்த நேரம் எவ்வளவு ஏறும், வற்றும் என்று சொல்லும் பட்டியல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். அட்டமியை ஒட்டி ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அட்டமி நாளில் வந்து அளந்துவிட்டுப் போய் வரைபடம் போட்டவர், பௌர்ணமி இரவில் நடைபலகைமேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் திகைப்பார். சந்திரன் பூமிக்கு நெருங்கி வருவதும் அமாவாசையும் ஒன்றாக விழுந்தால் ஏற்றம் இன்னும் கூடும். ஆகவே ஒருநாள் அளவை நம்பாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முழுக்க அட்டவணையை வைத்துப் பாருங்கள். முடிந்தால் அந்த வருஷத்தின் மிக உயர்ந்த ஏற்றத்தன்று நேரில் போய் நில்லுங்கள்.

பக்கத்தில் பழைய தூணோ பாறையோ இருந்தால் அது எழுதி வைத்த கணக்குப் புத்தகம் மாதிரி. பாறையிலும் தூணிலும் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசு அடர்ந்திருக்கும் பட்டையின் மேல்விளிம்பு, வழக்கமான ஏற்றம் எட்டும் உயரத்தை ஏறக்குறையக் காட்டிவிடும். அதற்கு மேலே பாறையில் கறுப்பாகப் படிந்த பட்டை, அலை தெறிக்கும் இடம். இவை இரண்டையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, புயல் சமயத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே நெடுநாள் குடியிருப்பவரிடம் கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்த உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கோடு கடல் உயர்வதையும் சேர்க்க வேண்டும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரையான வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. அந்த வேகமே நீடித்தாலும் 30 வருஷத்தில் 11 செ.மீ. உங்கள் கொட்டகை 30 வருஷம் நிற்க வேண்டும் அல்லவா? நான் நடைபலகையின் உயரத்தில் எப்போதும் 30 செ.மீ. கூட்டியே வைக்கிறேன். பின்னால் உயர்த்துவதென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

தண்ணீர் மிக வற்றிய நேரத்தில் ஆழம் எவ்வளவு என்பதை அளவுக்கோல் ஊன்றிப் பாருங்கள். படகு மூழ்கும் ஆழம் அரை மீட்டர் என்றால், அதற்குக் கீழே, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்கும் லிஃப்ட்டின் தொட்டில் இறங்க 30 செ.மீ., தரையில் தட்டாமல் இருக்க இன்னொரு 30 செ.மீ. மொத்தம் 1.1 மீட்டராவது வேண்டும். அது இல்லாத இடத்தில் கடலடியைத் தோண்டலாம் என்ற யோசனை உடனே வரும். வேண்டாம். தோண்டிய குழி ஓரிரு பருவத்தில் தூர்ந்துவிடும், தூணைப் பிடிக்கும் மண்ணும் இளகிவிடும். கொட்டகையை ஆழத்தை நோக்கி நகர்த்தி, நடைபாதையை நீட்டுவதே சரி.

அனுமதி, நிழல்

கரை உங்களுடையதாக இருக்கலாம். ஏற்றக் கோட்டுக்குக் கீழே இருக்கும் நிலம் பெரும்பாலும் அரசுடையது. ஆகவே ஒரு தூண் ஊன்றுவதற்கு முன்னாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் நீர்வழி, படகுகள் போகும் கால்வாய், இரண்டுக்கும் விட வேண்டிய இடைவெளியை அனுமதி தரும் அதிகாரிகள் சொல்வார்கள். பல இடங்களில் கூரைக்கு அனுமதி கிடைக்கும், பக்கச் சுவருக்குக் கிடைக்காது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் ஒரு பொறி போதும். திறந்த பக்கங்கள்தான் பாதுகாப்பு.

நிழலைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆழம் குறைந்த கடலோரத் தரையில் கடற்புல் வளர்ந்திருக்கும். மீன் குஞ்சும் இறாலும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். வெளிச்சம் இல்லாவிட்டால் அது செத்துவிடும், வேர் போனால் மணலும் அரித்துப்போகும், அந்த மணல்தான் உங்கள் தூணைப் பிடித்திருக்கிறது. வற்றம் நேரத்தில் முகமூடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பாருங்கள். புல் இருந்தால் கொட்டகையைப் புல் இல்லாத பக்கம் தள்ளுங்கள். தள்ள முடியாவிட்டால் நீளவாட்டத்தை வடக்கு தெற்காக வையுங்கள், அப்போது நிழல் ஒரே இடத்தில் நாள் முழுக்க விழாமல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமுமாக நகரும். நடைபலகைக்குப் பதிலாகக் கம்பிச்சட்டமோ துளையுள்ள ஃபைபர் பலகையோ போட்டால் வெளிச்சமும் இறங்கும். கீழேயிருந்து மோதும் அலையும் அந்தத் துளைகள் வழியே வெளியேறும்.

அளவு

படகு விற்பனைத் தாளில் உள்ள நீளத்தை நம்பி அளவெடுக்காதீர்கள். படகையே அளக்க வேண்டும், அதுவும் எஞ்சினைத் தூக்கி மடக்கிய நிலையில். மடக்கும்போது எஞ்சின் பின்னால் அரை மீட்டருக்கு மேல் நீளும். படகின் முன்முனையான அணியத்தில் நங்கூரம் துருத்திக்கொண்டிருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 7.6 மீட்டர் படகு, அகலம் 2.6 மீட்டர். எஞ்சினையும் நங்கூரத்தையும் சேர்த்தால் நீளம் 8.5 மீட்டரைத் தொடும். மழையும் வெயிலும் சாய்ந்து விழும் என்பதால் முன்னும் பின்னும் முக்கால் மீட்டர் கூட்டிக் கூரை நீளம் 10 மீட்டர். தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ளகலம், படகின் இரு பக்கமும் 60 செ.மீ. விட்டு 3.8 மீட்டர். லிஃப்ட் வைப்பதென்றால் 4.2 வரை போகலாம். பக்கவாட்டுக் காற்றில் படகை உள்ளே கொண்டுவரும்போதுதான் அந்த 60 செ.மீ.யின் அருமை தெரியும். தூணின் தடிமன், வெளிநீட்டு எல்லாம் சேர்த்துக் கூரையின் அகலம் 5.5 மீட்டர்.

உயரம்தான் தலைவலி. மிக உயர்ந்த ஏற்றக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். லிஃப்ட் தூக்கிய நிலையில் படகின் அடி அந்தக் கோட்டுக்கு 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். படகின் அடியிலிருந்து மேல்விதான உச்சிவரை 2.7 மீட்டர். இடைவெளி 30 செ.மீ. ஆக, உத்திரத்தின் அடிப்பக்கம் 4.5 மீட்டர் உயரத்தில். இது காற்றுக்கு நல்ல உயரமல்ல. கூரை உயர உயரத் தூணின் அடியை வளைக்கும் விசையும் கூடும். ஆகவே வீட்டுக்காரரிடம் நான் முதலில் கேட்பது, விதானத்தையும் ஆன்டெனாவையும் மடக்கும்படி மாற்ற முடியுமா என்பதைத்தான். அரை மீட்டர் குறைந்தாலும் லாபம்.

தூண்

மரம், கான்கிரீட், இரும்பு மூன்றிலும் தூண் உண்டு. தனி வீட்டுக் கொட்டகைக்கு மருந்தேற்றிய மரத்தூணையே நான் விரும்புகிறேன். வெட்டலாம், துளைக்கலாம், படகு இடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கான்கிரீட் தூண் என்றால் கம்பிக்கு வெளியே 75 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டையே பிளந்துவிடும். இரும்புத் தூணுக்குத் தண்ணீருக்குள்ளே இருக்கும் பகுதியைவிட அலை தெறிக்கும் பட்டையில்தான் ஆபத்து அதிகம். ஈரமும் உப்பும் காற்றும் மூன்றும் சேரும் இடம் அது.

மரத்துக்கு எதிரி வேறு. கப்பல்புழு என்று சொல்கிறோம், உண்மையில் அது புழு அல்ல, நத்தை சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். குண்டூசித் தலை அளவு துளை வழியாகக் குஞ்சாக உள்ளே போய், மரத்துக்குள்ளேயே வளர்ந்து குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் தூண் புதிதுபோல நிற்கும், சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். இன்னொன்று அரிசி அளவே உள்ள ஓட்டுயிர். அது வெளிப்பக்கத்திலிருந்து அரிக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தூண் உடுக்கையின் இடுப்பு மாதிரி மெலிந்துகொண்டே போவது அதனால்தான். உப்புத் தண்ணீரில் நிற்கும் தூணுக்குக் கன மீட்டருக்கு 40 கிலோ அளவு செம்பு மருந்து ஏற்றியிருக்க வேண்டும். நிலத்தில் வேலிக்கு விற்கும் மருந்து மரம் இதில் கால்வாசியைக்கூடத் தொடாது. சான்றுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வெறும் பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மருந்து தூணின் வெளிப்பகுதியில்தான் நிற்கும், நடு மரத்துக்குள் போகாது. அதனால் ஏற்றக் கோட்டுக்குக் கீழே துளையோ வெட்டோ கூடவே கூடாது. ஒரு போல்ட் துளை, புழுவுக்குத் திறந்த கதவு. ஏற்றக் கோட்டுக்கு மேலே போடும் ஒவ்வொரு துளைக்குள்ளும் வெட்டிய ஒவ்வொரு முகத்திலும் காப்பர் நாப்தனேட் என்ற மரம் காக்கும் செம்பு மருந்தைப் பூசுங்கள். வேலையாள் அவசரத்தில் இதை விட்டுவிடுவார். நான் டப்பாவையும் பிரஷ்ஷையும் என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நிற்பேன். சேற்றுக்கு அரை மீட்டர் கீழிருந்து ஏற்றக் கோட்டுக்கு மேல்வரை பிளாஸ்டிக் உறை சுற்றினால் தூணின் ஆயுள் நன்றாகக் கூடும். உறைக்குள் தண்ணீர் புதிதாக வந்துபோகாமல் அடைபட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து புழு பிழைக்காது.

எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும்? மண்ணைப் பொறுத்தது. பெரிய மணல் என்றால் ஒரு கதை, களிச்சேறு என்றால் வேறு கதை. மேலே தெரியும் நீளத்துக்குச் சமமாக மண்ணுக்குள்ளும் போக வேண்டும் என்பது நான் கற்ற பழைய கணக்கு. அது தொடக்கம்தான், முடிவல்ல. மேல்மட்ட இளஞ்சேற்றை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது எதையும் பிடிக்காது. இரும்புக் கம்பியை அழுத்திப் பார்த்துக் கெட்டி மண் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்துதான் எண்ணுவேன். மண் அறிக்கையும் ஒரு பொறியாளரின் கையெழுத்தும் இல்லாமல் ஊன்றுவதில்லை. நீங்களும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துத் தூணை இறக்குவது சுலபமான வழி, வேகமான வழி. ஆனால் அப்படி இறங்கிய தூணைச் சுற்றி மண் தளர்ந்துபோயிருக்கும். கீழே அமுக்கும் கனத்தை அது தாங்கலாம், மேலே இழுக்கும் விசைக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பீய்ச்சித்தான் இறக்க வேண்டும் என்றால் கடைசி ஒன்றரை மீட்டருக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சம்மட்டியால் அடித்து இறக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்களே அங்கே நின்று, ஒவ்வோர் அடிக்கும் தூண் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். களிமண்ணில் அடித்த தூண் சில நாள், சில வாரம் கழிந்தபின் இன்னும் இறுகும். அடித்த மறுநாளே உத்திரம் ஏற்றத் துடிக்க வேண்டாம்.

காற்று

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. வினாடிக்கு மீட்டரில் வேகத்தை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.613ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வந்துவிடும். மணிக்கு 144 கி.மீ. காற்று என்பது வினாடிக்கு 40 மீட்டர். கணக்குப் போட்டால் 981 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிலோ. நாம் மேலே சொன்ன 10க்கு 5.5 மீட்டர் கூரையின் பரப்பு 55 சதுர மீட்டர். ஐந்தரை டன். கூரையின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் தகடும் மரமும் சேர்ந்து கூரையின் எடை எவ்வளவு தெரியுமா? சதுர மீட்டருக்கு 22 கிலோ வைத்தாலும் 1.2 டன்தான். மிச்சம் நாலு டன்னுக்கு மேல் தூக்கும் விசையை யார் பிடிப்பது? என் முதல் கொட்டகையில் அதைப் பிடிக்க ஆணிகள் மட்டுமே இருந்தன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கூரைக்குக் கீழே ஒன்றுமில்லை என்றால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். லிஃப்ட்டில் படகைத் தூக்கி வைத்திருந்தால் அந்த வழி அடைபடும். காற்று தேங்கிக் கூரையை அடியிலிருந்து நெம்பும். அதாவது படகு உள்ளே இருக்கும் நாளில்தான் கூரைக்கு ஆபத்து அதிகம். பொறியாளர் கணக்குப் போடும்போது கீழே படகு நிற்கும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகை வெளியே எடுத்து நிலத்துக்குக் கொண்டுபோவது படகுக்கு மட்டுமல்ல, கூரைக்கும் நல்லது.

கூரை வடிவத்தில் நாலு பக்கமும் சரியும் கூரையே என் தேர்வு. இரண்டு பக்கம் சரிந்து, முன்னும் பின்னும் முக்கோணமாக நிற்கும் கூரை பார்க்க அழகு, வேலையும் குறைவு. அந்த முக்கோணத்தை அடைத்துவிட்டால் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. வெளிநீட்டு 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம், முதலில் நெம்பப்படுவது அதுதான்.

இப்போது சங்கிலி. தகட்டைப் பிடிக்கும் திருகாணி, ரப்பர் வாஷரோடு. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இழுப்பு மிக அதிகம் என்பதால் அங்கே திருகாணி இடைவெளியைப் பாதியாக்குங்கள். அடுத்து, தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் கைமரத்தைப் பிடிக்கும் இடம். ஆணி போதாது, நீளத் திருகாணியோ பட்டையோ வேண்டும். பிறகு கைமரம் உத்திரத்தில் உட்காரும் இடத்தில் மேலே சுற்றி வளைந்து இரு பக்கமும் இறங்கும் பட்டை. கடைசியாக உத்திரம் தூணைப் பிடிக்கும் இடம். இங்கே நான் உத்திரத்தைத் தூணின் தலையில் வைப்பதையே விட்டுவிட்டேன். இரண்டு உத்திரங்களைத் தூணின் இரு பக்கமும் அணைத்து வைத்து, மூன்றையும் ஊடுருவி 20 மி.மீ. போல்ட் இரண்டு, இரு முனையிலும் பெரிய சதுர வாஷர். தூண் உத்திரத்துக்கு மேலே ஒரு சாண் நீண்டு நிற்கும். உத்திரம் உட்காரத் தூணில் பள்ளம் வெட்ட வேண்டும் என்றால் தூணின் கால்வாசித் தடிமனுக்கு மேல் வெட்டக் கூடாது. போல்ட்டிலிருந்து மரத்தின் விளிம்புவரை போதுமான மரம் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பருகே போட்ட போல்ட் முறியாது, மரத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும்.

தூண்கள் பக்கவாட்டில் ஆடாமலிருக்கச் சாய்வுத் தாங்கிகள் வேண்டும். படகு நுழையும் வாயில் குறுக்கே தாங்கி போட முடியாது, அங்கே தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே முழங்கை மாதிரிக் குட்டைத் தாங்கி. பின்பக்கத்திலும் நீளவாட்டிலும் பெருக்கல் குறி வடிவில் முழுத் தாங்கி. எல்லாத் தாங்கியும் ஏற்றக் கோட்டுக்கு மேலேயே நிற்கட்டும். அதற்குக் கீழே இருந்தால் அலைக்கும் மிதந்துவரும் கட்டைக்கும் அதுவே பிடிமானமாகிவிடும்.

தகடும் இரும்பும்

ஒரு கொட்டகைக்கு வீட்டுக்காரர் கேட்டபடி துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு போட்டோம். ஏழாவது வருஷம் வேறு வேலையாகப் போனபோது மேலே ஏறிப் பார்த்தேன், புதிது மாதிரி இருந்தது. கீழே வந்து அண்ணாந்து பார்த்தால் வானம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மேல்பக்கம் படியும் உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தை எந்த மழையும் தொடாது. உப்பு படிந்துகொண்டே இருக்கும், இரவுப் பனியில் ஈரமாகும், பகலில் காயும், மறுபடி ஈரமாகும். கூரை அடியிலிருந்துதான் அரிக்கிறது. அதனால் அலுமினியத் தகடு போடுங்கள், இருபுறமும் வண்ணம் பூசியது. அதற்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் செம்பு மருந்தேற்றிய மரம் என்றால் இரண்டும் நேராகத் தொடக் கூடாது. செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். நடுவே தார்ப்பட்டையோ ரப்பர் நாடாவோ ஒட்டுங்கள்.

போல்ட், பட்டை எல்லாம் 316 வகைத் துருவேறா எஃகாக இருக்கட்டும். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால்தான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 304இல் அது இல்லை, சில மாதத்திலேயே பழுப்புக் கறை இறங்கும். நட்டை முடுக்கும்போது கிரீஸ் தடவாவிட்டால் துருவேறா எஃகு பாதியிலேயே இறுகிக்கொண்டு அசையாது. பெரிய போல்ட்டுகளுக்குச் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தவையும் ஆகும். மின்முலாம் பூசிப் பளபளப்பாக விற்பதை வாங்காதீர்கள். முக்கியெடுத்ததில் பூச்சு 50 மைக்ரானுக்கு மேல், முலாமில் 5 முதல் 12 மைக்ரான். இரண்டு உலோகத்தையும் ஒரே மூட்டில் கலக்காதீர்கள்.

லிஃப்ட்

லிஃப்ட் வாங்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். விற்பனைத் தாளில் படகின் எடை 1800 கிலோ என்று இருக்கும், இரண்டு டன் லிஃப்ட் போதும் என்று முடிவு செய்வார்கள். அந்த எடையில் பல சமயம் எஞ்சினே சேராது. எஞ்சின் 250. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, 400 லிட்டருக்கு 300. தண்ணீர்த் தொட்டி 60. பேட்டரி இரண்டு 50. நங்கூரம், சங்கிலி, ஐஸ்பெட்டி, சாமான் 150. கூட்டினால் 2610. இதன்மேல் கால்பங்கு கூட்டினால் 3260. மூன்றரை டன் லிஃப்ட்தான் வாங்க வேண்டும். லிஃப்ட்டின் கனத்தைக் கூரைத் தூணில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். தூணின் கணக்கில் அது சேர்ந்திருந்தால் ஏற்றலாம். பிறகு யோசனை வந்தால் லிஃப்ட்டுக்குத் தனியாக நாலு தூண் ஊன்றுங்கள்.

தூக்கி வைத்த படகில் வடிகால் அடைப்பைக் கழற்றி வையுங்கள். கூரை இருந்தாலும் சாய்வு மழை உள்ளே வரும், தண்ணீர் தேங்கினால் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன். படகை இறக்கும் முன் திரும்ப மாட்ட மறக்காமலிருக்க, அடைப்பை நான் லிஃப்ட் சுவிட்சின் பெட்டியிலேயே தொங்கவிடச் சொல்வேன்.

மின்சாரம்

இதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் மட்டுமே கொடுங்கள். கசிவைக் கண்டதும் அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் கரையிலேயே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். 10 மில்லி ஆம்பியர் அளவு உடம்பில் பாய்ந்தாலே தசை சொன்னபடி கேட்காது, நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் இந்த ஆபத்து மிக அதிகம், ஆகவே ஆற்றுமுகத்தில் வீடு உள்ளவர்கள், மழைக்காலத்தில் கொட்டகையைச் சுற்றி நன்னீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கொட்டகைக்குள் பிள்ளைகள் குதித்துக் குளிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. குளிக்கத்தான் வேண்டும் என்றால் கரையில் மின்சாரத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான்.

இணைப்புப் பெட்டிகள் எல்லாம் புயல் தண்ணீர் வந்த கோட்டுக்கு மேலே. விளக்கு கீழ்நோக்கி, மறைப்போடு, மஞ்சள் செம்மை நிறத்தில். முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலின் திசையை அறியும். வெள்ளை விளக்கு அவற்றை வழிதவற வைத்துவிடும். அருகே மணற்கரை இருந்தால் பருவ காலத்தில் அணைத்தே வையுங்கள்.

கட்டி முடித்த பிறகு

முதல் வருஷம் மரம் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஸ்பேனரோடு எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்குங்கள். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை கூரையின் அடிப்பக்கத்தையும் பட்டைகளையும் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். படகைக் கழுவும்போது குழாயை மேலே திருப்பினால் ஐந்து நிமிஷ வேலை. லிஃப்ட்டின் கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்து துருத்தினாலும் முழு வடத்தையும் மாற்றிவிடுங்கள். தண்ணீரில் இருக்கும் உலோகத்துக்குப் பதிலாகத் தாம் அரிபட்டு அதைக் காக்க மாட்டிய துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்ததும் புதிது மாட்டுங்கள். தூணின் தலையில் கூம்பு மூடி இருக்கிறதா பாருங்கள், மழைத்தண்ணீர் மேல்முகத்தில் இறங்கித்தான் மரம் உளுக்கும். வற்றம் மிகுந்த நாளில் சிறு படகில் போய் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பாருங்கள். சேற்று மட்டத்தில் மண் அரித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று கோலால் குத்திப் பாருங்கள்.

உள்பக்கத் தூண் ஒன்றில் அந்த வருஷத்தின் மிக உயர்ந்த ஏற்றத்தைத் தேதியோடு பெயின்ட்டில் கோடு போட்டு வையுங்கள். என் முதல் கொட்டகையின் அதே ஆறு தூண்கள்மேல் அந்த வீட்டுக்காரர் என்னையே மறுபடி கூரை போடச் சொன்னார். இந்தமுறை போல்ட் போட்டேன். அங்கே நுழைந்ததும் இடப்பக்கத் தூணில் இப்போது பதினைந்து கோடுகள் இருக்கின்றன.